காலத்துக்குள் இயங்கும் மூளை: வளர்ச்சி, தகவமைவு, காயம் பற்றிய ஓர் ஆய்வு

மனித மூளை எவ்வாறு உருவாகிறது, பெறும் அனுபவத்துக்கு ஏற்பத் தன்னை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது, காயப்பட்டபின் எந்த அளவுக்கு மீள்கிறது ஆகிய மூன்று வினாக்களும் நெடுங்காலம் தனித்தனியே ஆராயப்பட்டு வந்தன. கருவின் வளர்ச்சியை உயிரியலாளரும், கற்றலை உளவியலாளரும், காயத்தை மருத்துவரும் தத்தம் எல்லைக்குள் நின்று நோக்கினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திரண்டுவந்த சான்றுகள் இம்மூன்றையும் ஒரே இயல்பில் கொண்டு சேர்த்துள்ளன. அனுபவத்துக்கும் இழப்புக்கும் ஏற்ப மூளை தன் இணைப்புகளையும் செயற்பாட்டையும் மாற்றியமைத்துக்கொள்ளும் அவ்வியல்பு நெகிழ்திறன் எனப்படுகிறது. இச்சொல் இன்று நூல்களிலும் செய்தித்தாள்களிலும் விளம்பரங்களிலும் தாராளமாகப் புழங்குவதால், எந்த வயதிலும் எந்தக் காயத்திலிருந்தும் மூளை தானாகவே மீண்டுவிடும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மூளையில் அடிபட்டவர் இனித் தேறமாட்டார் என்று கைவிடும் பழைய எண்ணமும் குடும்பங்களில் இன்னும் நிலைத்திருக்கிறது. சான்றுகள் இவ்விரண்டையும் ஆதரிக்கவில்லை. நெகிழ்திறன் மெய்யானது, ஆயினும் அது காலத்தால் வரையறுக்கப்பட்டது, காயத்தின் வகையைப் பொறுத்தது, சுற்றியுள்ளோர் இடைவிடாது தரும் பயிற்சியையும் பராமரிப்பையும் வேண்டி நிற்பது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இக்கருத்தை இலங்கை மலைநாட்டின் ஓர் ஊர்ப்புறத்தை முன்னிறுத்தி நோக்குவது பயனுடையது. கண்டியிலிருந்து வடக்கே மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 பாதையில், கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்ததும் வரும் அலவத்துகொட, கிராம்பும் சாதிக்காயும் மிளகும் பலாவும் கித்துளும் கலந்து வளரும் வீட்டுத்தோட்டங்களுக்குப் பேர்போன கண்டி மலைப்பகுதியின் ஓர் அங்கம். தாயின் ஊட்டம், மரமேறும் தொழில், வளைவுகள் நிறைந்த பெருவீதி, தமிழும் சிங்களமும் ஒருங்கே புழங்கும் வாழ்வு, பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய தூரம் என மூளையின் நலனைத் தீர்மானிக்கும் காரணிகளில் பல இத்தகைய ஊர்களில் அருகருகே அமைந்துள்ளன.

கருவறையில் அமையும் அடித்தளம்

கருத்தரித்து மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகுப்புறத்தில் தோன்றும் தட்டையான ஒரு திசு மடிந்து குழாயாகி, நான்காம் வாரம் முடியும் வேளையில் இரு முனைகளிலும் மூடிக்கொள்கிறது. நரம்புக் குழாய் எனப்படும் இதன் மேல்முனை மூளையாகவும், எஞ்சிய பகுதி முள்ளந்தண்டினுள் செல்லும் முண்ணாணாகவும் வளர்கின்றன. இந்த மூடல் சரிவர நிகழாவிடின் பிறவிக் குறைபாடுகள் உண்டாகின்றன. முன்னர் இத்தகைய குறைபாடுள்ள குழந்தையைக் கருவுற்ற பெண்கள் அடுத்த கருத்தரிப்புக்கு முன்பே போலிக் அமிலம் உட்கொண்டால், குறைபாடு மீண்டும் ஏற்படும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்பதை 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு நிறுவியது. தாம் கருவுற்றிருப்பதைப் பெரும்பாலான பெண்கள் அறியும் முன்பே இக்குழாய் மூடிவிடுவதால், கருவுற்றபின் தொடங்கும் பாதுகாப்பு இவ்விடத்தில் காலம் கடந்ததாகிவிடுகிறது. இலங்கையில் புதுமணத் தம்பதியரைப் பொதுச் சுகாதார மருத்துவிச்சி பதிவுசெய்து, போலிக் அமில மாத்திரைகளை முன்கூட்டியே வழங்கும் நடைமுறை இந்தக் கால எல்லையை உணர்ந்து அமைந்ததாகும்.

அடுத்த மாதங்களில் நரம்புக்கலங்கள், அதாவது மின்சைகைகளைப் பெற்றுக் கடத்தும் மூளையின் அடிப்படைக் கலங்கள், மூளையின் உட்குழிவுகளை ஒட்டிய பகுதியில் பெருகி, அங்கிருந்து வெளிநோக்கி நகர்ந்து, மூளையின் வெளிப்பரப்பான மேற்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளாக அமர்கின்றன. இந்நகர்வை முன்னெப்போதும் இல்லாத நுணுக்கத்தோடு பதிவுசெய்தது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். கருவுற்ற 14ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரையான ஐந்து மூளைகளை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமாக்கி, அம்மையம் 2024இல் ‘தரணி’ என்னும் முப்பரிமாண வரைபடத் தொகுப்பை உலக ஆய்வாளர் அனைவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு வெளியிட்டது. வளர்ச்சி எந்தப் படியில் தடம் மாறுகிறது என்பதை அறிய, இயல்பான வளர்ச்சியின் இத்தகைய வரைபடம் இன்றியமையாதது.

கலங்களின் இந்தப் பெருக்கத்தையும் நகர்வையும் நெறிப்படுத்தும் காரணிகளுள் தாயின் தைரொயிட் சுரப்பு முதன்மையானது. அதனை உடல் ஆக்கிக்கொள்ள அயடீன் தேவை. மண்ணிலுள்ள அயடீன் மழையால் கரைந்து செல்லும் இலங்கையின் ஈரவலயத்தில், கழுத்தில் வீக்கமாகத் தோன்றும் கண்டக்கழலை நெடுங்காலம் பரவலாகக் காணப்பட்டது. கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அதே பற்றாக்குறையால் குழந்தைகளின் கற்கும் திறனில் நேர்ந்த இழப்பு கண்ணுக்குப் புலப்படாமலே இருந்தது. உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பதை இலங்கை 1995இல் சட்டப்படி கட்டாயமாக்கியது. குழந்தைகளின் மூளையைக் காக்க நாடு மேற்கொண்ட நடவடிக்கைகளுள் மிகக் குறைந்த செலவில் மிகப் பரந்த பயன் தந்தவற்றில் இது ஒன்று.

பெருக்கமும் கவ்வாத்தும்

பிறக்கும்போது சுமார் 350 முதல் 400 கிராம் வரை எடையுள்ள மூளை, முதலாண்டிலேயே ஏறத்தாழ இருமடங்காகி, ஐந்தாறு வயதுக்குள் வளர்ந்தோர் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. வளர்ந்தவரின் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருப்பதாகப் பிரேசில் ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ ஹௌசெல் குழுவினர் 2009இல் கணித்தனர். மேற்பட்டைக் கலங்களில் மிகப் பெரும்பாலானவை பிறப்புக்கு முன்பே தோன்றிவிடுவதால், பிறந்தபின் ஏற்படும் எடைப்பெருக்கம் பெரும்பாலும் அவற்றின் கிளைகளாலும், ஒரு கலம் இன்னொன்றோடு தொடர்புகொள்ளும் நரம்பிணைப்புகளாலும், நரம்பிழைகளைப் போர்த்திச் சைகைகளை விரைவாகக் கடத்தச் செய்யும் மயலின் என்னும் கொழுப்புறையாலும் உண்டாவது.

சிக்காகோவில் பீட்டர் ஹட்டன்லொக்கர் நுணுக்குக்காட்டியின் வழியே நரம்பிணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி அறிந்த முடிவு அக்காலத்தில் எதிர்பாராதது. பார்வைக்குரிய மேற்பட்டையில் இணைப்புகளின் அடர்த்தி முதலாண்டுக்குள்ளேயே உச்சத்தை அடைந்து பின்னர் குறைகிறது. திட்டமிடல், தன்னடக்கம் ஆகியவற்றுக்குரிய முன்நெற்றிப் பகுதியில் உச்சம் பிந்தி வருவதோடு குறைதலும் பதின்பருவம் முழுவதும் நீடிக்கிறது. பயன்படும் இணைப்பு வலுப்பெற, பயன்படாதது நீக்கப்படுகிறது. தேயிலைச் செடியை உரிய பருவத்தில் கவ்வாத்து வெட்டினால்தான் கொழுந்து செழிக்கும் என்பது மலையகத்தார் அறிந்தது. மூளையிலும் இழப்பு போலத் தோன்றும் இந்நீக்கமே செயல்திறனைக் கூட்டுகிறது. மயலின் உறையிடுதலோ இருபது வயதைக் கடந்தும் தொடர்கிறது. ஆகவே மூன்று வயதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்ற கூற்று சரியன்று. ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய கால அட்டவணை உண்டு என்பதே சரி.

ஊட்டமும் உரையாடலும்

வளர்ந்தவரின் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பயன்படுத்துகிறது. குழந்தைப் பருவத்தில் இப்பங்கு மேலும் உயர்வதாகவும், ஐந்து வயதளவில் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்குவதாகவும் 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இந்த வயதில் ஏற்படும் ஊட்டக் குறைவு மூளைக்கும் உடலுக்கும் இடையே பற்றாக்குறையைப் பங்கிட நேரும் நிலைமையாகும். 2016ஆம் ஆண்டு இலங்கைக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடளவில் சுமார் 17 சதவீதம். தோட்டத்துறையிலோ சுமார் 32 சதவீதம். உயரக் குறைவு தன்னளவில் மூளைக் குறைபாட்டைக் குறிப்பதில்லை என்றாலும், உடல் வளர்ச்சியைத் தடுத்த அதே காரணங்கள் பெரும்பாலும் மூளை வளர்ச்சியையும் தொட்டிருக்கும் என்பதற்கு அது நம்பத்தகுந்த அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

இந்நிலையை மாற்ற உணவு மட்டும் போதுமா என்ற வினாவுக்கு யமேக்காவில் நடந்த ஆய்வு விடை தருகிறது. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 9 முதல் 24 மாத வயதுடைய 129 குன்றிய குழந்தைகளை சாலி கிரந்தம் மக்கிரகர் குழுவினர் பிரித்து, சிலருக்கு மேலதிக ஊட்டத்தையும், சிலருக்கு வாரந்தோறும் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் தாயோடு சேர்ந்து நடத்தும் விளையாட்டையும் உரையாடலையும், சிலருக்கு இரண்டையும் இரண்டாண்டுகள் வழங்கினர். 1991இல் வெளியான முடிவில் ஊட்டமும் தூண்டலும் இரண்டுமே பயன் தந்தன. காலப்போக்கில் நிலைத்தது தூண்டலின் பயனே. இருபது ஆண்டுகளுக்குப் பின் அத்தூண்டலைப் பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடியிருந்ததாக 2014இல் அறிவிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா இதனால் மூளை வளர்ச்சியின் நோக்கில் மிக முக்கியமான இடமாகிறது. பிள்ளைகள் அங்கே பாதுகாப்பாக உறங்கி, திரிபோஷா ஊட்டமாவும் உண்டால் ஒரு பாதி நிறைவேறுகிறது. அங்குள்ள பராமரிப்பாளர் அவர்களோடு ஓயாமல் பேசி, பாடி, பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லி, அவர்கள் எழுப்பும் ஒலிக்கு மறுமொழி தந்தால்தான் மறுபாதி நிறைவேறும்.

திறந்தும் குறுகியும் வரும் காலங்கள்

சில திறன்களுக்கு அனுபவம் குறித்த வயதில் கிட்டியாக வேண்டும் என்பதை டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசெல் ஆகிய இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு நிறுவினர். பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மூடிவைத்துப் பின்னர் திறந்தபோது, கண்ணில் எக்குறையும் இல்லாதிருந்தும் மேற்பட்டையில் அக்கண்ணுக்குரிய இடத்தை மற்றக் கண் கைப்பற்றிக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறு மூடியபோது எந்த மாற்றமும் நேரவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்ற இவ்வாய்வு, வளர்ச்சியில் தவறவிடக்கூடாத காலம் உண்டு என்ற கோட்பாட்டுக்கு அடிப்படையாயிற்று. பிறவியிலேயே கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதங்களிலேயே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்ற மருத்துவ விதியும் இதனால் உறுதிப்பட்டது.

அக்கோட்பாட்டின் கடுமையை இந்தியாவில் நடந்த பிரகாஷ் திட்டம் ஓரளவு தளர்த்தியது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹா தொடங்கிய இத்திட்டத்தில், சிகிச்சை எட்டாமல் பிறவிக் கண்புரையோடு வளர்ந்த சிறுவர்களுக்கு டில்லியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வில், 8 முதல் 17 வயது வரையான ஐவரிடம் கையால் தடவி அறிந்த வடிவத்தைக் கண்ணால் அடையாளம் காட்டக் கேட்டபோது, பார்வை கிடைத்த முதல் நாட்களில் அவர்களால் இயலவில்லை. அடுத்துச் சோதித்தபோது, சில நாட்களுக்குள்ளேயே கூட, அத்திறன் தெளிவாக முன்னேறியிருந்தது. எனினும் நுண்பார்வைக் கூர்மை இயல்பான அளவை எட்டவில்லை. காலம் ஒரு கதவாக ஒரே நாளில் அடைபடுவதில்லை, சில திறன்களுக்கு முற்றாகவும் சிலவற்றுக்குப் பகுதியாகவும் படிப்படியாகக் குறுகுகிறது என்பதே இரு ஆய்வுகளையும் சேர்த்துப் பெறத்தக்க முடிவு. பிந்தி வந்த சிகிச்சையும் பயன் தரும். முந்தி வந்தது தரும் பயனை அது தராது.

வளர்ந்த மூளையின் தகவமைவு

வளர்ந்தோரின் மூளை எந்த அளவுக்கு மாறவல்லது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது இல்லாத கையில் தொடுகை உணரப்பட்டதை 1990களின் தொடக்கத்தில் விவரித்தார். மேற்பட்டையில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், உணர்வு வராமல் வெறுமையான கைப்பகுதியை முகப்பகுதி ஆக்கிரமித்துக்கொண்டது என்பது அவர் தந்த விளக்கம். இழந்தபின்னும் இருப்பதாக உணரப்படும் மாய உறுப்பின் வலியைத் தணிக்க அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டி மிக எளிய கருவி: இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தோன்றுமாறு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை விரித்து மடக்கும்போது, இறுகிக் கிடப்பதாக உணரப்பட்ட மாயக் கையும் தளர்வதாகச் சில நோயாளர் கூறினர். அண்மைக்கால மூளைப் படமாக்கல் ஆய்வுகள், குறிப்பாகத் தமர் மாகின் குழுவினருடையவை, கையிழந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் மேற்பட்டையில் கையின் வரைபடம் பெரிதும் அழியாமல் இருப்பதைக் காட்டியுள்ளன; 2025இல் வெளியான ஆய்வு, கை அகற்றப்படுவதற்கு முன்னும் பின்னும் அதே நபர்களைப் படமாக்கி, இவ்வரைபடம் மாறவில்லை என்று கண்டது. வளர்ந்த மூளை தன் அடிப்படை வரைபடத்தை எளிதில் மாற்றுவதில்லை. இருக்கும் இணைப்புகளின் வலுவைக் கூட்டியும் குறைத்துமே பெரும்பாலும் தகவமைகிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றுள்ளது. போரில் கை கால்களை இழந்தோர் பலர் வாழும் இலங்கையில் இவ்விவாதம் மாய உறுப்பின் வலிக்கு எத்தகைய சிகிச்சை தேவை என்பதோடு நேராகத் தொடர்புடையது.

நீண்டகாலப் பழக்கம் மூளைக்குத் தரும் சேமிப்பு இன்னொரு ஆய்வுத் துறையாகும். ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளைப் பேசியோரில் நோய் சராசரி நாலரை ஆண்டுகள் பிந்தியே வெளிப்பட்டது. எழுத்தறிவில்லாதோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டமையால், கல்வியின் விளைவு என்று இதனைத் தள்ளிவிட இயலவில்லை. அதே குழுவினர் பின்னர் 608 பாரிசவாத நோயாளரை ஆராய்ந்தபோது, பாதிப்புக்குப் பின்னும் இயல்பான சிந்தனைத் திறனைத் தக்கவைத்தோர் இருமொழியாளரில் சுமார் 40 சதவீதமாகவும் ஒருமொழியாளரில் சுமார் 20 சதவீதமாகவும் இருந்தனர். வேறு நாடுகளின் ஆய்வுகள் அனைத்தும் இம்முடிவை ஆதரிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆயினும் வீட்டில் தமிழும் கடையில் சிங்களமுமாக ஒரே நாளில் பலமுறை மொழிமாறிப் பேசும் அக்குறணை, அலவத்துகொட மக்களின் வாழ்வு, ஹைதராபாதின் இயல்பான பன்மொழிச் சூழலையே பெரிதும் ஒத்தது.

காயத்தின் இரு கட்டங்கள்

மூளைக்காயத்தை முதற்காயம், தொடர்காயம் என இரண்டாகப் பகுப்பது மருத்துவ வழக்கு. மோதும் கணத்தில் திசு நசுங்குவதும், குருதிக் கலன்கள் கிழிவதும், தலை வேகமாகத் திரும்புகையில் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு அறுவதும் முதற்காயம். அதனைத் தடுக்கலாமே தவிர நிகழ்ந்தபின் மாற்ற முடியாது. அடுத்த மணித்தியாலங்களில் குருதி தேங்குவதாலும், மூளை வீங்குவதாலும், ஒட்சிசன் குறைவதாலும், நரம்புக்கலங்களில் இரசாயனச் சமநிலை குலைவதாலும் விளைவது தொடர்காயம். இதனை மருத்துவத்தால் தடுக்கலாம்.

இவ்வேறுபாட்டின் பொருளை மரத்திலிருந்து விழுவோரின் நிலைமை தெளிவாக்கும். கிராம்பு பறிக்கவோ கித்துள் பாளை சீவவோ ஏறியவர் தவறி விழுந்து, சிறிது நேரம் மயங்கி, பின் எழுந்து பேசி, தேநீரும் அருந்தி, ஒன்றுமில்லை என்று வீட்டில் படுத்துவிடுவதுண்டு. காதுக்கு மேலேயுள்ள மெல்லிய எலும்பு உடைந்து, அதன் உட்புறம் ஓடும் நாடி கிழிந்திருந்தால், மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே குருதி தேங்கிக்கொண்டே வரும். தலைவலி கூடுதல், வாந்தி, பேச்சுக் குழறல், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை, ஒரு கண்மணி மற்றதைவிட விரிதல் ஆகியவை மூளை நசுங்கத் தொடங்கியதன் அடையாளங்கள். குறித்த நேரத்துள் மண்டையோட்டைத் திறந்து குருதியை அகற்றினால் முழுமையாகக் குணமடையக்கூடிய இந்நிலை, சில மணித்தியாலத் தாமதத்தால் மரணத்தில் முடியலாம். தலையில் அடிபட்டு மயங்கி எழுந்தவர் நலமாகத் தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்பது இதனால்தான்.

நினைவுநிலையை அளக்க கிளாஸ்கோ நகரின் கிரஹம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் ஆகியோர் 1974இல் வகுத்த அளவுகோல், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் புள்ளியிட்டு, 3 முதல் 15 வரையான ஒரே எண்ணாக நோயாளரின் நிலையைச் சொல்கிறது. கருவி எதுவும் வேண்டாத இவ்வளவுகோலால் கிராமிய வைத்தியசாலையின் தாதியும் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒரே மொழியில் பேச முடிகிறது. மருந்துகளைப் பொறுத்தவரை, வீக்கத்தைத் தணிக்குமென நம்பிப் பல்லாண்டுகள் வழங்கப்பட்ட ஸ்டீரொயிட் மருந்து, 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில் மரணத்தைக் கூட்டுவதாக 2004இல் நிரூபணமாகிக் கைவிடப்பட்டது. உறைந்த குருதி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், காயப்பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வழங்கப்பட்டால் கடுமையல்லாத காயமுற்றோரின் மரணங்களைக் குறைப்பதாக 2019இல் வெளியான ஆய்வு கண்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2019இல் நாடு முழுதும் விரிந்த 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இந்தக் கால அளவைச் சுருக்கியிருக்கிறது. எனினும் பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகர் வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் அலவத்துகொடையிலிருந்து கண்டிக்குச் செல்லும் நேர்வழி தடைப்படுகிறது. அப்போது வீதியின் வடிகாலமைப்பும் மூளை மருத்துவத்தின் ஓர் அங்கமாகிவிடுகிறது.

மெலிதான காயமும் கவனத்துக்குரியது. ரக்பி விளையாட்டில் ஊறிய கண்டிப் பாடசாலைகளில், மோதலுக்குப்பின் சற்றுத் தடுமாறிய மாணவர் மீண்டும் களமிறங்குவதைத் துணிவாகக் கருதும் மனப்போக்கு கைவிடப்பட வேண்டும். ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதும் நரம்புக்கலங்களின் சக்திச் சமநிலை சில நாட்களோ வாரங்களோ குலைந்திருக்கும். அவ்வேளையில் படும் இரண்டாவது அடி முதலாவதைவிட மிகக் கேடாகலாம். நோய்த்தொற்றால் வரும் மூளைக்காயங்களில் நாடு பெற்ற வெற்றி இதற்கு மாறாக நிறைவளிப்பது. 1980களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் தொடங்கிப் பரவிய யப்பானிய மூளையழற்சி, 1988இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தால் அரிதாயிற்று.

இளமூளை எளிதில் மீளுமா?

குரங்குக் குட்டிகளின் அசைவுக்குரிய மேற்பட்டையைச் சேதப்படுத்தி ஆராய்ந்த மார்கரெட் கென்னார்ட், வளர்ந்த குரங்குகளைவிட அவை நன்கு தேறியதை 1930களின் பிற்பகுதியில் கண்டார். காயம் எவ்வளவு இளமையில் நேர்கிறதோ அவ்வளவு நல்லது என்று அம்முடிவு பின்னர் மிகைப்படுத்தப்பட்டது. ஒரு வகைக் காயத்தில் இது உண்மையே. வளர்ந்தவருக்கு மூளையின் இடப்பக்கத்தில் பாரிசவாதம் ஏற்பட்டால் பேச்சு பெரிதும் குலைகிறது. பிறப்பையொட்டி அதே இடத்தில் பாதிப்புற்ற குழந்தைகளில் வலப்பக்கம் மொழியை ஏற்றுக்கொண்டு, பதின்பருவத்தில் ஏறக்குறைய இயல்பான மொழித்திறனை அவர்கள் அடைந்திருப்பதை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. காயம் ஒரு பக்கத்தோடு நின்று, மறுபக்கம் நலமாக இருந்ததே இதற்கு வழிவகுத்தது.

மூளையின் இரு பக்கங்களையும் தாக்கும் காயத்தில் நிலைமை வேறு. பிறப்பின்போது ஒட்சிசன் தடைப்படுவதாலோ, மஞ்சட்காமாலை கடுமையாவதாலோ, சிறு வயதில் தலையில் பலத்த அடிபடுவதாலோ பாதிப்புறும் மூளையில், பொறுப்பேற்க நலமான பகுதி மிஞ்சுவதில்லை. இன்னும் கட்டப்படாத திறன்களின் அடித்தளமும் சேர்ந்து குலைகிறது. முன்நெற்றிப் பகுதி சேதமுற்ற குரங்குக் குட்டிகள் முதலில் நலமாகத் தோன்றி, அப்பகுதி செயல்பட வேண்டிய வயது வந்ததும் குறைபாட்டை வெளிப்படுத்தியதைப் பட்ரீஷியா கோல்ட்மன் ராக்கிச் 1970களில் நிறுவினார். நான்கு வயதில் அடிபட்டுத் தேறிவிட்டதாகக் கருதப்படும் பிள்ளை, பன்னிரண்டு வயதில் கணக்கிலும் கவனத்திலும் தன்னடக்கத்திலும் பின்தங்கும்போது, ஆசிரியர் அதனைச் சோம்பலென்றோ குறும்பென்றோ கண்டிக்க நேர்கிறது. பழைய காயத்தைப் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் குறித்துவைத்து, பாடசாலைக் காலம் முழுதும் கவனிப்பது இவ்வநீதியைத் தடுக்கும்.

வெளிநாட்டுச் சிகிச்சையை அப்படியே ஏற்பதிலுள்ள இடரையும் இத்துறை உணர்த்தியுள்ளது. ஒட்சிசன் தடைப்பட்டுப் பிறந்த குழந்தையின் உடலை 72 மணித்தியாலம் 33.5 பாகை வரை குளிர்விப்பது வளம் மிக்க நாடுகளில் மரணத்தையும் ஊனத்தையும் குறைத்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்டோரில் 42 சதவீதத்தினரும் ஏனையோரில் 31 சதவீதத்தினரும் இறந்தனர். தாயின் ஊட்டம், தொற்று, பிரசவத்துக்கு முன்பே நேர்ந்த பாதிப்பு ஆகியவை வேறுபடும்போது அதே சிகிச்சை வேறு விளைவைத் தரலாம் என்பதால், தெற்காசியக் குழந்தையின் மூளையைப் பற்றிய அறிவு தெற்காசியாவிலேயே திரட்டப்பட வேண்டும்.

மறுவாழ்வு பற்றிய சான்றுகள்

காயத்துக்குப் பின்னான மீட்சியில் பயிற்சியின் பங்கு உறுதியாக நிறுவப்பட்டுள்ளது. பாரிசவாதத்தால் தளர்ந்த கையைப் பயன்படுத்த முயன்று தோற்றவர் நல்ல கையையே நம்பத் தொடங்குகிறார். அதனால் தளர்ந்த கை, உள்ள திறனையும் இழக்கிறது. நல்ல கைக்கு உறையிட்டுக் கட்டுப்படுத்தி, தளர்ந்த கையால் நாளுக்குப் பல மணித்தியாலம் வேலை செய்விக்கும் எட்வர்ட் டவுபின் முறை, 222 நோயாளரைக் கொண்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில் தெளிவான பயன் தந்தது. காலமும் இங்கே முதன்மை பெறுகிறது. நோய் தாக்கிய முதல் 24 மணித்தியாலத்துக்குள் மிகுதியாக எழுப்பி நடத்துவது தீங்காகலாம் என்று 2015இல் 2,104 பேரைக் கொண்ட ஆய்வு எச்சரித்தது. தீவிரக் கைப்பயிற்சி இரண்டாம், மூன்றாம் மாதங்களில் தொடங்கும்போதே மிகுந்த பலன் தருவதாக 2021இல் வெளியான சிறிய ஆய்வு சுட்டியது.

கண்டி மாவட்டத்தில் அவசர சிகிச்சைக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையும், குழந்தைகளுக்குப் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும், மறுவாழ்வுக்குத் திகனை வைத்தியசாலையும், இவற்றுக்கு மருத்துவரை உருவாக்கும் 1962இல் தோன்றிய பேராதனை மருத்துவ பீடமும் உள்ளன. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் வரும் மாதங்களே இக்கட்டானவை. அலவத்துகொடையிலிருந்து திகனைக்குச் செல்லக் கட்டுகஸ்தோட்டை வரை இறங்கி மீண்டும் கிழக்கே திரும்ப வேண்டும். நடக்க இயலாதவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் முச்சக்கரவண்டிக் கூலியோடு உடன் செல்பவரின் நாட்கூலியும் இழப்பாகிறது. குடும்பத்தினரைப் பயிற்றுவித்து அவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்துவிடலாமே என்ற எண்ணத்தை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளரைக் கொண்டு நடந்த அட்டென்ட் ஆய்வு பரிசோதித்தது. 2017இல் வெளியான அதன் முடிவில், குடும்பப் பயிற்சி பெற்றோரிலும் பெறாதோரிலும் ஆறு மாதத்தின்பின் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்திருந்தோர் சம அளவில் 47 சதவீதமாகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பு குறைவானதென்று இதற்குப் பொருளில்லை. தேர்ச்சி பெற்ற இயன்மருத்துவரின் தொடர்ந்த வழிகாட்டல் இல்லாமல், சில நாட்கள் கற்றுக்கொடுத்ததை மட்டும் வைத்துக் குடும்பம் அச்சுமையைத் தாங்க இயலாது என்பதே பொருள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைத் தளமாகக் கொண்டு, மருத்துவிச்சி வீடு தேடிச் செல்வது போலவே இயன்மருத்துவரும் பேச்சுச் சிகிச்சையாளரும் குறித்த இடைவெளியில் வீடுகளுக்குச் செல்லும் ஏற்பாடு இவ்விடைவெளியை நிரப்பவல்லது. பயிற்சியை அன்றாட வேலையோடு இணைப்பதும் அவர்களால் இயலும். காய்ந்த மிளகைத் தளர்ந்த கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டிலிடுவதும், கிராம்பைக் காம்பிலிருந்து பிரிப்பதும் விரல்களின் நுண்ணசைவுக்குச் சிறந்த பயிற்சிகள். பழகிய வேலை என்பதால் நோயாளர் அவற்றை விரும்பிச் செய்வதோடு, வீட்டுக்குத் தாம் பயனுடையவர் என்ற மதிப்பையும் மீளப் பெறுகிறார்.

முடிவுரை

மேற்கூறிய சான்றுகளைத் தொகுத்து நோக்கினால், மூளையின் வரலாற்றில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய காலம் இருப்பது தெளிவாகிறது. நரம்புக் குழாய்க்கு அது சில நாட்கள். பார்வைக்கும் மொழிக்கும் சில ஆண்டுகள். தேங்கும் குருதிக்குச் சில மணித்தியாலங்கள். தளர்ந்த கைக்குச் சில மாதங்கள். இக்கால எல்லைகளை இயற்கை வகுத்திருந்தாலும், அவற்றுக்குள் உதவி சென்று சேருமா என்பதைச் சமூகமே தீர்மானிக்கிறது. அயடீன் உப்பு, தடுப்பூசி, மருத்துவிச்சியின் வீட்டு வருகை, அம்பியூலன்ஸ் சேவை ஆகியவற்றில் உரிய வேளையில் உதவியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்க்க முடியும் என்பதை இலங்கை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. தோட்டப் பிள்ளைகளின் ஊட்டமும் தூண்டலும், தலைக்காயமுற்ற மாணவரின் நீண்டகாலக் கவனிப்பும், பாரிசவாத நோயாளரின் வீட்டுப் பயிற்சியும் அதே உறுதியோடும் அதே ஒழுங்கோடும் மேற்கொள்ளப்பட வேண்டியவை. உயிர் காப்பாற்றப்பட்டதோடு மருத்துவத்தின் கடமை நிறைவடைகிறது என்று கொள்ளும் வரை, மூளைக்கு இயல்பாக உள்ள மீளும் ஆற்றலின் பெரும்பகுதி பயன்படாமலே வீணாகும். காப்பாற்றப்பட்ட உயிருக்குப் பேச்சையும் நடையையும் தொழிலையும் மீட்டுத்தரும் பொறுப்பும் பொதுச் சுகாதாரத்தினுடையதே என்று ஏற்கும்போதுதான் நெகிழ்திறன் பற்றிய அறிவியல் மலைநாட்டு மக்களின் வாழ்வில் பயனாகும்.